இரண்டாம் லெக் இரவுக்கு முன்: சேலத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் உள்ள ஒரு மைதானத்தில் காலை வேளைகளில் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சேலத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் கோடை விடுமுறையில் மலையிலிருந்து இறங்கி வந்து உறவினர் வீடுகளில் தங்கும் காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும் நாட்களில், இங்கே என் வீட்டு மொட்டைமாடியில் பிளே-ஆஃப் ஆட்டம் பார்க்க ஒரு சிறு கூட்டம் சேரும். மேல் டிவிஷனுக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் இரண்டாம் லெக் ஆட்டத்தை நாங்கள் சேர்ந்தேதான் பார்ப்போம். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் வருடம் தவறாமல் ஒரே கேள்விகள் வருகின்றன. பிள்ளைகள் கேட்டவை, அவர்களுடைய அம்மா அப்பா கேட்டவை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் லெக் என்றால் என்ன, மாஸ்டர்?

இரண்டு அணிகள் இரண்டு முறை மோதுகின்றன. ஒன்று இந்த அணியின் ஊரில், மற்றொன்று அந்த அணியின் ஊரில். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி, அதிகம் அடித்தவர் யார் என்று பார்ப்பார்கள். முதல் ஆட்டம் முதல் லெக். அடுத்தது இரண்டாம் லெக்.

கணக்கு அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் மனதில் முதலில் பதிய வேண்டியது வேறு. இரண்டாம் லெக்கைப் புது ஆட்டமாக நினைக்காதீர்கள். 180 நிமிட ஆட்டத்தில் 90 நிமிடம் முடிந்து, சில நாள் இடைவேளை விட்டு, மீண்டும் தொடங்குகிறது. திரையில் 0-0 என்று காட்டும்போது அதை நம்பிவிடக் கூடாது. முதல் லெக்கின் ஸ்கோரை ஒரு தாளில் பெரிதாக எழுதி டிவிக்கு மேலே ஒட்டிவிடுவது என் வழக்கம். ஒரு பக்கம் ஏன் அவசரப்படுகிறது, மறுபக்கம் ஏன் பந்தை எடுக்கவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்தால்தான் புரியும்.

இந்த ஆட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள்?

இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். 2024-25 பருவத்தில் லீட்ஸ், பர்ன்லி இரண்டும் தலா 100 புள்ளிகள் எடுத்து நேராக மேல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்குப் போயின. மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்த ஷெஃபீல்டு யுனைடெட், சண்டர்லேண்ட், கோவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி ஆகிய நான்கும் மிச்சமிருந்த ஒரே இடத்துக்காகப் பிளே-ஆஃப் ஆடின. மூன்றாவதும் ஆறாவதும் ஓர் அரையிறுதி, நான்காவதும் ஐந்தாவதும் இன்னொன்று. அரையிறுதிக்குத்தான் இரண்டு லெக்குகள். வெற்றி பெற்ற இருவரும் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒரே ஒரு இறுதி ஆட்டம் ஆடினார்கள்.

இந்த முறை தொடங்கியது 1986-87 பருவத்தில். ஆரம்ப ஆண்டுகளில் இறுதியும் இரண்டு லெக்காகவே நடந்தது. மேல் டிவிஷனில் தடுமாறிய அணி ஒன்றும் அதில் ஆட வேண்டியிருந்தது. 1988இல் அப்படிச் சிக்கிய அணி செல்சி. மிடில்ஸ்பரோவிடம் முதல் லெக்கில் 0-2 எனத் தோற்று, சொந்த மண்ணில் 1-0 என்று மட்டுமே வென்று, ஒரு கோல் குறைவில் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. செல்சி பனியன் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

ஜெர்மனியிலும் இதே முறையா?

இல்லை, அங்கே இன்னும் கடுமை. ஜெர்மனியின் மேல் டிவிஷனான பண்டஸ்லிகாவில் 18 அணிகள். கடைசி இரண்டு அணிகள் நேராக இறங்கிவிடும். 16ஆவது இடத்தில் முடித்த அணி, கீழ் டிவிஷனில் மூன்றாவதாக வந்த அணியுடன் இரண்டு லெக் ஆட வேண்டும். 2009 முதல் இந்த முறை மீண்டும் நடப்பில் இருக்கிறது. ஓர் அணிக்கு இது ஏறும் வாசல். எதிரணிக்கோ விழாமல் பிடித்துக்கொள்ளும் கடைசிக் கிளை. இரண்டு பக்கமும் இழக்க ஏதாவது இருக்கும் ஆட்டம் என்பதால் எனக்கு இங்கிலாந்தின் அரையிறுதியைவிட இதுவே அதிகம் பிடிக்கும்.

எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்?

இங்கிலாந்தில் கோடைக்கால நேரம் இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30. ஜெர்மனியில் 8.30 என்றால் நமக்குச் சரியாக நள்ளிரவு 12. தேதி மாறிவிடுவதைக் கவனியுங்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டம் என்று அறிவித்தால் நமக்கு அது செவ்வாய் இரவு படுக்கப் போகாமல் பார்க்கும் ஆட்டம். போன வருடம் ஒரு தம்பி புதன்கிழமை இரவு வந்து கதவைத் தட்டினான். பாவம், எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

முதல் லெக்கில் ஒரு கோல் முன்னிலை இருந்தால் போதாதா? அதைக் காப்பாற்றினால் போதுமே?

இதே கேள்விக்கு நானே ஒரு காலத்தில் தப்பான பதில் சொன்னவன்.

எங்களுக்குள் வருடா வருடம் ஓர் ஆட்டம் உண்டு. மலைப் பிள்ளைகள் ஒரு பக்கம், சேலத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம். முதல் லெக் மேலே ஏற்காட்டில், இரண்டாம் லெக் கீழே சேலத்தில். ஒரு வருடம் மேலே பனிமூட்டத்துக்குள் மலைப் பிள்ளைகள் 2-0 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் கீழே வந்தபோது அவர்களைக் கூட்டி வைத்து, “இருப்பதைக் காப்பாற்றினால் போதும்” என்றேன். சொல்லியிருக்கவே கூடாது. அந்த ஒரு சொல்லுக்காகப் பத்துப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். பந்தை வெட்டி வெளியே அனுப்புவதும், அது திரும்பி வருவதும், மறுபடி வெட்டுவதும்தான் நடந்தது. மே மாத வெயிலில் பந்தின் பின்னாலேயே ஓடி, அறுபதாவது நிமிடத்தில் கால் ஓய்ந்துபோய் நின்றார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ஒரு பையன் பஸ் ஏறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மேல் தப்பில்லை.

முன்னிலையைக் காப்பாற்றும் வழி பந்தை நம் காலில் வைத்திருப்பதுதான். எதிரணி ஆள்களை முன்னே அனுப்பும்போது பின்னால் இடம் திறக்கும். அங்கே ஓடத் தயாராக ஒருவரையாவது மேலே நிறுத்தி வைக்க வேண்டும். அப்படி ஒருவர் நின்றால் எதிரணியில் இரண்டு பேர் அவருக்காகப் பின்னால் தங்கியே ஆக வேண்டும்.

2013 மே 12 அன்று வாட்ஃபோர்டு ஊரில் நடந்ததைப் பாருங்கள். முதல் லெக்கில் லெஸ்டர் 1-0 என்று வென்றிருந்தது. இரண்டாம் லெக்கில் வாட்ஃபோர்டு 2-1 என முன்னிலை, மொத்தம் 2-2. 90 நிமிடம் கடந்த பிறகு லெஸ்டருக்கு ஒரு பெனால்டி. போட்டால் ஆட்டம் முடிந்தது. நாக்கார் உதைத்ததைக் கோல்கீப்பர் அல்முனியா காலால் தடுத்தார். திரும்பி வந்த பந்தை மறுபடி உதைத்ததையும் தடுத்தார். அங்கிருந்து வெட்டியனுப்பிய பந்து வலப்பக்க ஓரம் போனது. வாட்ஃபோர்டின் ஃபொரஸ்டியேரி உள்ளே தூக்கிக் கொடுத்தார். ஹாக் தலையால் கீழே தட்டிவிட்டார். டீனி வலைக்குள் அடித்தார். பெனால்டிக்கும் இந்தக் கோலுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது டீனியின் உதையை மட்டும் பார்க்க விடுவதில்லை. பெனால்டி விழுந்தால் அதுவே முடிவு என்று நின்றுவிடாமல், எதிரணியின் பாதிக்கு முதல் அடி எடுத்து வைத்து ஓடியவர்கள் யார் யார் என்று எண்ணச் சொல்வேன்.

வெளியூரில் அடித்த கோலுக்கு இரட்டை மதிப்பு என்கிறார்களே, அப்பா சொன்னார்?

அப்பா பார்த்த காலத்தில் பல போட்டிகளில் அப்படித்தான் இருந்தது. மொத்தம் சமமாக இருந்தால் எதிரணி ஊரில் அதிக கோல் அடித்தவர் வெற்றி. ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் 1965இல் வந்த அந்த விதியை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஜெர்மன் பிளே-ஆஃப்பிலும் அதன் பிறகு அது இல்லை. இங்கிலாந்தில் அதைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது.

அந்த விதியால் ஏறிய அணிகளில் யூனியன் பெர்லின் முக்கியமானது. 2019இல் ஸ்டுட்கார்ட் போய் 2-2 எடுத்து, சொந்த ஊரில் 0-0 என்று முடித்து, முதன்முறையாக பண்டஸ்லிகாவுக்குள் நுழைந்தது. தோற்காமலே கீழே இறங்கியது ஸ்டுட்கார்ட். விதி போனதில் எனக்கு மகிழ்ச்சி. இப்போது இரண்டாம் லெக்கில் ஒரு கோல் என்றால் ஒரே கோல்தான். கணக்கும் சுலபம், பயந்து ஆடுவதற்குக் காரணமும் குறைவு.

சொந்த ஊரில் இரண்டாம் லெக் ஆடுவது அதிர்ஷ்டமா?

இங்கிலாந்தில் அட்டவணையில் மேலே முடித்த அணிக்கு அதை ஒரு பரிசாகவே கொடுக்கிறார்கள். மொத்தம் சமமாகிக் கூடுதல் நேரம் வந்தால் அந்த அரை மணி நேரமும், பெனால்டி வந்தால் அதுவும் சொந்த மக்கள் முன்னால்தான். நம் ஊர் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் முன்னூறுக்கும் கீழே. மேலே காற்று சற்று மெலிது. தூக்கி அடித்த பந்து நம் பிள்ளைகள் நினைத்ததைவிட ஓர் அடி கூடப் போகும். கீழே 40 டிகிரியை நெருங்கும் வெயில் மலைப் பிள்ளைகளை அரைமணியில் சாய்த்துவிடும். பழகிய மண் என்பது உண்மையான பலம்.

ஆனால் கூட்டம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 2025 மே 13 அன்று சண்டர்லேண்ட் ஊரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கோவென்ட்ரியில் 2-1 என வென்று வந்திருந்தார்கள். 76ஆவது நிமிடத்தில் கோவென்ட்ரி ஒரு கோல் போட்டு மொத்தத்தைச் சமமாக்கியதும் அந்த மைதானம் அமைதியானது. அதன் பிறகு வீரர்கள் பந்தைத் தொடவே தயங்கினார்கள். கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில், 122ஆவது நிமிடம், ஒரு கார்னர் கிக். தடுப்பாட்டக்காரர் பாலர்டு தலையால் முட்டினார். பந்து மேல்கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. எங்கள் மொட்டைமாடியில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா விளக்கைப் போட்டுவிட்டார். மறுநாள் தட்டுவடை செட் வாங்கிப் போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். சண்டர்லேண்ட் வெம்பிளியிலும் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று மேலே போனது. அங்கேயும் வெற்றிக் கோல் 95ஆவது நிமிடத்தில்.

முதல் லெக்கில் மூன்று, நான்கு கோல் வித்தியாசம் வந்துவிட்டால் தூங்கப் போகலாமா?

போகலாம். ஆனால் ஒருமுறை தூங்கியவர்கள் இன்னும் வருந்துகிறார்கள்.

2023இல் மூன்றாம் நிலை லீக்கின் பிளே-ஆஃப். ஷெஃபீல்டு வெனஸ்டே 96 புள்ளிகள் எடுத்தும் நேராக ஏற முடியாமல் மூன்றாவதாக வந்தது. முதல் லெக்கில் பீட்டர்பரோவிடம் 0-4. மே 18 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஒன்பதாவது நிமிடம் ஒரு பெனால்டி, 25இல் இரண்டாவது, 71இல் மூன்றாவது, 98ஆவது நிமிடத்தில் நான்காவது. கூடுதல் நேரத்தில் சொந்த அணி வீரர் மேல் பட்டே ஒரு கோல் வாங்கினார்கள். அதையும் திருப்பி அடித்தார்கள். பெனால்டியில் 5-3. இங்கிலாந்து பிளே-ஆஃப் வரலாற்றில் இவ்வளவு பெரிய பின்னடைவிலிருந்து யாரும் மீண்டதில்லை. இறுதியில் பார்ன்ஸ்லியை வென்ற கோலும் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில்தான் வந்தது.

அந்த ஆட்டத்தை மறுபடி பாருங்கள். நான்கு கோலை ஒரே மூச்சில் அடிக்க யாரும் ஓடவில்லை. இடைவேளைக்குள் இரண்டு, பிறகு பொறுமை, பிறகு ஒன்று. பெரிய கடனைத் தவணையாக அடைப்பதுபோல அடைத்தார்கள்.

2024இல் ஜெர்மனியில் இன்னொன்று: போஹும் என்ற ஊருக்குப் போய் டுசல்டார்ஃப் 3-0 என்று வென்றது. எல்லோரும் முடிந்தது என்றார்கள். இரண்டாம் லெக்கில் டுசல்டார்ஃப் ஊரிலேயே போஹும் அணி 3-0 என்று திருப்பி வென்று, பெனால்டியில் 6-5 எனத் தப்பியது.

மொத்தம் சமமானால்?

தலா 15 நிமிடமாக 30 நிமிடக் கூடுதல் நேரம். அதிலும் சமம் என்றால் ஐந்து ஐந்து பெனால்டி. பிறகும் சமம் என்றால் ஒவ்வொன்றாக, ஒருவர் தவறும்வரை. அப்படிப் போனால் நம் கடிகாரத்தில் மூன்று மணி தாண்டிவிடும்.

தோற்ற அணி என்ன ஆகும்?

இங்கிலாந்தில் என்றால், அடுத்த ஆகஸ்ட்டில் அதே டிவிஷனில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரீமியர் லீக்குக்கு ஏறுவதன் மதிப்பு நூறு மில்லியன் பவுண்டுகளுக்கு மேல் என்பதால், தோற்ற அணி நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டிய நிலையும் வரும். ஆனால் வாட்ஃபோர்டில் அந்தப் பெனால்டியைத் தவறவிட்டுத் தரையில் உட்கார்ந்த லெஸ்டர், அடுத்த வருடமே சாம்பியன்ஷிப்பை வென்று ஏறியது. 2016இல் பிரீமியர் லீக்கையே வென்றது. அன்று வென்ற வாட்ஃபோர்டோ இறுதியில் கிரிஸ்டல் பேலஸிடம் தோற்றது.

நம் நாட்டில் இது உண்டா?

இரண்டாம் நிலை லீக்கான ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் எஃப்சி 2023இல் மேல் டிவிஷனான ஐஎஸ்எல்லுக்கு முதன்முதலாக ஏறியது, அட்டவணையில் முதலிடம் பிடித்ததால். பிளே-ஆஃப் ஆடி அல்ல. ஆனால் இரண்டு லெக் அரையிறுதியின் சுவை நமக்குத் தெரியும். 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சி அணி, கோவா அணியுடன் அதன் ஊரில் 1-1 எடுத்துவிட்டு, சென்னையில் 3-0 என்று வென்றது. அன்று ஜெஜே இரண்டு கோல். ஒன்று நம் தமிழ்நாட்டுத் தனபால் கணேஷ் தலையால் முட்டியது. அந்த வருடம் கோப்பையும் சென்னைக்கு வந்தது.

ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்? நாங்கள் பந்தைத்தானே பார்க்கிறோம்.

முதல் 15 நிமிடம் பந்தை மறந்துவிட்டு, பின்தங்கிய அணியின் இரு ஓரத் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நடுக்கோட்டைத் தாண்டி நின்றால் அவர்கள் தொடக்கத்திலேயே துணிந்துவிட்டார்கள். முன்னிலை அணியின் கோல்கீப்பர் பந்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கடத்துகிறார் என்று எண்ணுங்கள். அறுபதாவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்குவது தடுப்பவரா அடிப்பவரா என்று கவனியுங்கள். பயிற்சியாளரின் மனம் அதில் தெரியும். கடைசிப் பத்து நிமிடத்தில் கார்னரும் ஃப்ரீ கிக்கும்தான் பேசும். 2015இல் கார்ல்ஸ்ரூஹே அணி ஏறுவதற்குச் சில நிமிடங்களே மிச்சம் என்றிருந்தபோது, ஹாம்பர்க்கின் மார்செலோ டியாஸ் அடித்த ஒரு ஃப்ரீ கிக் எல்லாவற்றையும் புரட்டியது. 115ஆவது நிமிடத்தில் இன்னொரு கோல், ஹாம்பர்க் தப்பியது.

பெரிய அணிகளின் ஆட்டம் எவ்வளவோ இருக்க, ஏன் இதைக் காட்டுகிறீர்கள்?

எல்வர்ஸ்பெர்க் என்ற ஊருக்காக. சுமார் 13,000 பேர் வாழும் சிற்றூர் அது. 2025இல் அந்த ஊர் அணி பண்டஸ்லிகா வாசல்வரை வந்துவிட்டது. ஹைடன்ஹைம் ஊரில் போய் 2-2 எடுத்தார்கள். சொந்த ஊரில் 1-1 என்று நின்ற இரண்டாம் லெக்கில், 95ஆவது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றார்கள். அன்று நள்ளிரவு தாண்டி, மலையிலிருந்து வந்த ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “அந்த ஊர் நம்ம ஏற்காடு மாதிரிதானா, மாஸ்டர்?” ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் எல்லோருக்கும் முன்னால் மைதானத்தில் நின்றது அவன்தான்.

இரவெல்லாம் விழித்தால் பிள்ளை உடம்பு என்ன ஆவது? (ஓர் அம்மா)

நியாயமான கவலை, அக்கா. அன்று மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை பிள்ளைகளைத் தூங்க வைத்து அனுப்புங்கள். மறுநாள் காலைப் பயிற்சி கிடையாது; மாலை ஐந்து மணிக்கு வந்தால் போதும். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை நான் இரவில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு மறுநாள் மாலை பதிவைப் போட்டுக் காட்டுவேன். முடிவை யாரும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

மலைப் பிள்ளைகள் எப்படித் திரும்புவார்கள்?

ஆட்டம் முடிந்ததும் யாரையும் அனுப்புவதில்லை. பாய், போர்வை இங்கே இருக்கிறது. விடிந்ததும் இட்லி சாப்பிட வைத்து, உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களை நானே கொண்டுபோய் விடுகிறேன். மேலே போகிறவர்களை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போன் செய்துவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர்கள் தூங்கிக்கொண்டேதான் போவார்கள். ஏரிக்கரை நிறுத்தத்தில் யாராவது வந்து எழுப்பி இறக்கிக்கொள்ளுங்கள்.